பள்ளத்து வயலுக்கு ஒரு மெத்தை

கோடையில் வற்றிக்கொண்டிருந்த ஒரு குளத்தில் எருமையும் தவளையும் சேர்ந்து சத்தியம் செய்தனவாம். மழை வரும்வரை யாரும் குளத்தை விட்டுப் போவதில்லை, எல்லோரும் ஒரே சேற்றில்தான் கிடப்பது என்று. எருமைக்குச் சேறு சுகம். தவளைக்கோ மூன்றாம் நாளே முதுகு வெந்தது. மெல்ல ஒரு தாமரை இலைமேல் ஏறி உட்கார்ந்தது. "சத்தியம் என்னாயிற்று?" என்றது எருமை. தவளை வெட்கப்பட்டு இறங்கிவிட்டது.

இந்தக் கதையில் இன்னும் ஒரு வரி மிச்சம் இருக்கிறது. இடம் வரும்போது சொல்லலாம். இப்போது தஞ்சாவூர் கீழவாசலில், ஒரு தார்ப்பாய்க் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தயங்கி நிற்கும் அம்சத்தைக் கவனிப்போம்.

அம்சம் ஒரத்தநாட்டுக்கு அருகே அரசுக் கால்நடை மருந்தகத்தில் மருத்துவர். அவள் வாங்க வந்தது ஒரு காற்று மெத்தை. மலையேறிக் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்கள் தரையில் விரித்துப் படுப்பார்களே, அது. அவள் வீட்டில் மலையேறுகிறவர் எவரும் இல்லை. அவளுடைய தகப்பனார் வைரக்கண்ணு பதினோரு நாளாகத் தம்முடைய வயலில் படுத்திருந்தார்.

அவர்களுடைய ஊரான மருதஞ்சேரியின் வழியாகப் புறவழிச்சாலை போகிறது என்று ஓர் ஆட்சியில் அறிவித்தார்கள். அதை எதிர்த்துக் கொடி பிடித்தவர்கள் அடுத்த ஆட்சியில் அதற்கே எல்லைக்கல் நட வந்தார்கள். சம்பா அறுவடை முடியும்வரை பொறுத்திருந்ததுதான் அவர்கள் காட்டிய கருணை. அளவுக் கோட்டில் அகப்பட்ட இருபத்து மூன்று குடும்பத்தாரும் அறுத்து நின்ற அரிதாளை மிதித்துக்கொண்டு வயலில் இறங்கி, அவரவர் நிலத்தில் அவரவர் படுத்துவிட்டார்கள். ஆள் படுத்திருக்கும் இடத்தில் கல் நட முடியாது. கல்லை நட்டுப் படம் எடுத்துவிட்டாலோ, இடம் கைக்கு வந்துவிட்டது என்று எழுதிக்கொள்வார்கள். ஆகவே குளிக்கவோ மருந்து வாங்கவோ ஒருவர் எழுந்தால், அடுத்த வயல்காரர் ஓர் ஆளை அனுப்பி அந்த இடத்தில் படுக்கவைக்க வேண்டும். தண்ணீர் குறைந்த காலத்தில் வாய்க்காலுக்கு முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல இதற்கும் முறை வைத்துக்கொண்டார்கள்.

வைரக்கண்ணுவுக்கு இருந்தது மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலம். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து உபரி என்று எடுத்து, அவருடைய தகப்பனார் அரசப்பன் பெயருக்கு அரசு பட்டா கொடுத்த நிலம் அது. எது உபரி என்று தீர்மானிக்கும் உரிமை கொடுத்தவருக்கே இருந்தபடியால், வடிவாய்க்காலை ஒட்டிய பள்ளம்தான் உபரி ஆயிற்று. ஊர் வயல் எல்லாம் காய்ந்து உளுந்து முளைத்தாலும் அந்தப் பள்ளத்தில் மட்டும் கால் வைத்தால் நீர் கசியும். அந்த நீரில் விளைந்த நெல்தான் அம்சத்தைப் படிக்கவைத்தது.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். சென்ற ஆண்டு நுரையீரலில் சளி கட்டி இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்த மனிதர், அறுபத்தாறு வயதில், அந்தத் தரையில்தான் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்.

"வாங்கம்மா, உள்ள வாங்க. தார்ப்பாயா, வலையா?" என்று வரவேற்றார் கடைக்காரர் அப்துல் அஜீஸ்.

"காத்து மெத்தை வேணுங்க. வெளியில, தரையில போட்டுப் படுக்கறது."

"மாடிக்கு வாங்க. கொல்லிமலை, கொடைக்கானல் போற பசங்களுக்காக எறக்கி வச்சிருக்கேன். நீங்க எந்த மலைக்கு?"

"பள்ளத்துக்குங்க" என்றாள் அம்சம்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துத் தம் சிரிப்பையும் நிறுத்திக்கொண்டார்.

முதலில் ஒரு பெரிய மெத்தையைக் காட்டினார். ஒரு முழ உயரம், மேலே வெல்வெட்டு, மோட்டார் வைத்துக் காற்றடைப்பது. பார்த்தவுடன் அம்சத்துக்குப் பிடித்துவிட்டது. அப்பாவை அதன்மேல் ராஜாவைப்போலப் படுக்கவைத்து மனத்துக்குள் ஒரு கணம் பார்த்தும்விட்டாள்.

"இதையே குடுத்துருங்க."

"விக்கிறவன் நானே சொல்றேன், வேணாம்மா. இது வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு. காத்து மட்டும் சூடு தராது. பெரிய எடத்துல காத்து உள்ளயே சுத்திச் சுத்தி, கீழ இருக்கிற குளிரை மேல கொண்டாந்து முதுகுல ஏத்திரும். ஒசரத்தப் பாத்து ஏமாறாதீங்க. அடைபட்டு அசையாம கெடக்கிற காத்துதான் கதகதப்பு."

அம்சத்துக்கு அது உடனே புரிந்தது. சிமெண்டுத் தரையில் கட்டிய கன்றுக்கு மேலே எத்தனை சாக்குப் போர்த்தினாலும் குளிர் கீழிருந்துதான் ஏறும் என்று தினமும் பால்காரர்களிடம் சொல்கிறவள் அவள்.

"வைக்கோல் பரப்பிக்கக் கூடாதா? அதைவிடச் சூடு எது?" என்று கேட்டார் அஜீஸ்.

"அறுத்த மிஷினு போன கையோட கட்டுற மிஷினு வந்துருச்சுங்க. உருட்டி உருட்டி லாரியில ஏத்திட்டாங்க. இருந்திருந்தாலும் எங்க பள்ளத்துல ஒரு ராத்திரிக்குள்ள ஊறிப் போயிடும்."

இரண்டாவது மெத்தை உள்ளங்கையில் அடங்கும் சுருள். உள்ளே வெள்ளித்தாள் வைத்துத் தைத்தது; பனிமலைக்கே போதும் என்றார். அவள் அதன்மேல் படுத்துப் புரண்டாள். முறுக்குப் பொட்டலத்தைக் கசக்கியதுபோல ஒவ்வோர் அசைவுக்கும் அது சத்தமிட்டது. அடியில் துணியும் மெல்லியது. அறுத்த நெல்லின் கட்டைத் தாள் ஊசியைப்போல நிற்கும் வயலில் அது ஒரு நாள் தாங்காது.

மூன்றாவதுதான் அமைந்தது. நாலு விரல் கனம். உள்ளே பஞ்சுபோன்ற நுரை. திருகைத் திறந்தால் தானே காற்றை இழுத்துக்கொண்டு எழும். கடைசி நாலு மூச்சு மட்டும் வாயால் ஊத வேண்டும். அட்டைப்பெட்டியில் குளிர் தாங்கும் அளவு நாலு என்று போட்டிருந்தது. அவள் ஒருக்களித்துப் படுத்து, இடுப்பெலும்பு தரையைத் தொடுகிறதா என்று பார்த்தாள். அப்பா எப்போதும் ஒருக்களித்துத்தான் படுப்பார். எலும்பு தொடவில்லை. அடித்துணி தார்ப்பாயைப்போலத் தடித்திருந்தது.

"என்ன கலருங்க இருக்கு?"

"எங்க படுக்கப் போறாங்க, போராட்டத்துலயா?" என்று குரலைத் தாழ்த்தினார் அஜீஸ். "அப்பன்னா கலரைப் பாத்துதான் எடுக்கணும். சிவப்பு எடுத்தா ஒரு கட்சி. கறுப்பு கலந்தா வேற கட்சி. பச்சை, மஞ்சள், நீலம், எல்லாத்துக்கும் ஆள் இருக்கு. சாம்பல் எடுத்துக்குங்க. அதுக்கு இன்னும் யாரும் கட்சி ஆரம்பிக்கல."

அதற்குத்தான் அம்சம் சிரித்தாள். சாம்பல் நிறத்தையே எடுத்தாள். கனம், சூடு, சத்தம், அடித்துணி, நிறம் என்று ஒரு படுக்கையில் ஆராய வேண்டிய அனைத்தையும் அவள் ஆராய்ந்துவிட்டாள். அதில் படுக்கப்போகிறவரின் பக்கத்து வயலில் யார் படுத்திருக்கிறார் என்பதை மட்டும் ஆராயவில்லை.

பக்கத்து வயல்காரர் சிங்காரவேலு. ஊரில் சின்னப் பண்ணை என்பார்கள். பள்ளத்தை உபரி என்று தள்ளிவிட்டவருடைய பேரன். சாலை அவருடைய மேட்டு வயலையும் இரண்டாகப் பிளந்தது. அதனால் போராட்டக் கமிட்டிக்கு அவரே தலைவர். தொடங்கிய அன்று ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து, "மண்ணுலதான் படுப்போம். கட்டில், நாற்காலி எதுவும் வயல்ல எறங்கக் கூடாது. போட்டோவுல பாக்கிறவனுக்கு நம்ம கஷ்டம் தெரியணும்" என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியவரும் அவரே. மேட்டுக்காரரும் பள்ளத்துக்காரரும் ஒரே வரிசையில் படுத்தது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. வைரக்கண்ணுவுக்கு அதில் சொல்லி முடியாத பெருமை.

ஞாயிற்றுக்கிழமை மெத்தையைக் கொண்டுபோன அம்சம் தார்ச் சாலையிலேயே நின்றாள். போராட்டம் தொடங்கிய அன்று வயலில் இறங்கிய அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவருடைய படம் மேலதிகாரிகளுக்குப் போய், அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருந்தார்கள். சாலையில் நிற்பது குற்றமில்லை. சாலையைத் தாண்டுவதுதான் குற்றம். அப்பாவின் நெஞ்சுக்கு ஆகாது என்று, கடைசி நாலு மூச்சையும் அவளே சாலையோரத்தில் நின்று ஊதித் திருகை முடுக்கி, அம்மா காளியம்மாளிடம் கொடுத்தாள். அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தாள்.

தூரத்தில் அப்பா அதன்மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். உட்கார்ந்தார். ஒருக்களித்துப் படுத்தார். பிறகு கையைத் தூக்கி ஆட்டினார். அந்தக் கையை அவள் ஒரத்தநாடு போய்ச் சேரும்வரை நினைத்துக்கொண்டே போனாள்.

மூன்று நாள் அவர் நன்றாகத் தூங்கினார், இருமல் அடங்கியது. புதன்கிழமை மதியம் அம்மா கைபேசியில் அழைத்தாள்.

"மெத்தைய எடுக்கச் சொல்லிட்டாங்க பாப்பா."

"யாரு?"

"கமிட்டிதான். சின்னப் பண்ணைதான் ஆரம்பிச்சாரு. 'ஏண்டா வைரக்கண்ணு, நாங்கள்லாம் தார்ப்பாயில கெடக்கோம், உனக்குப் பஞ்சணை கேக்குதா'ன்னாரு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"'இது பாய்தாங்க, காத்து அடைச்ச பாய்'ன்னாரு. 'பாய்னா சுருட்டிக் கக்கத்துல வைக்கணும்டா'ன்னாரு அவரு. 'இதையும் சுருட்டலாங்க, ஐயா வேணும்னா சுருட்டிப் பாருங்க'ன்னு உங்கப்பா சொன்னாரா, எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அதுலதான் அவருக்கு மூஞ்சி செவந்து போச்சு."

பிறகு பாயா, கட்டிலா என்று அரை நாள் பேசினார்களாம். தரையிலிருந்து உயர்ந்திருந்தால் அது கட்டில்தான் என்று முடிவாயிற்று. மேட்டு வயலின் தரை பள்ளத்தைவிட முழங்கால் அளவு உயர்ந்திருப்பதை அந்தக் கணக்கில் எவரும் சேர்க்கவில்லை.

அம்சத்துக்கு வேறொன்று நினைவு வந்தது. தாத்தா அரசப்பன் ஒருமுறை காய்ச்சலோடு நெற்களத்தில் காவல் இருந்தபோது, காலியாகக் கிடந்த பண்ணையின் கயிற்றுக் கட்டிலில் தலையைச் சாய்த்துவிட்டார். அதற்காக அந்தக் கட்டிலின் காலிலேயே அவரை விடியும்வரை கட்டிப்போட்டார்கள். வீட்டில் இதை அழுதுகொண்டு யாரும் சொன்னதில்லை. "கட்டில்ல படுத்ததுக்குக் கட்டில்லயே கட்டிட்டாங்க" என்று தாத்தாவே சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

"நான் அவர்கிட்டப் பேசறேம்மா."

"வேணாம். அப்பா வேணாங்கறாரு. இப்பதான் ஒண்ணா நிக்கறோம், ஒரு மெத்தைக்காகப் பிரிய வேணாங்கறாரு."

"மெத்தை எங்க?"

"கமிட்டிக் கொட்டாயில வச்சிருக்காங்க. எல்லாம் முடிஞ்சு தர்றோம்னாங்க."

வியாழக்கிழமை கழிந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, சினைப் பசு ஒன்றுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா மறுபடியும் அழைத்தாள். பின்னால் ஆம்புலன்சின் ஒலி கேட்டது.

"அப்பாவுக்கு மூச்சு வாங்குது பாப்பா. தஞ்சாவூருக்குக் கொண்டு போறோம். வயல்ல எடம் காலியாக் கெடக்கு. உங்கப்பா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்காரு. எடம், எடம்னு."

"சின்னப் பண்ணைகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். ஆள் அனுப்பறேன்னாரு. நீ ஒரு வார்த்த கேட்டுக்க."

அவள் சிங்காரவேலுவை அழைத்தாள். "ஐயா, அப்பா எடத்துல யாராவது படுத்தாங்களா?"

"நீ கவலப்படாதம்மா. அது என் பொறுப்பு. நீ அப்பனப் பாரு" என்றார் அவர் அன்பாகவே.

வண்டியை எடுத்தாள். ஒரு கிளைப்பாதை மருதஞ்சேரிக்குப் பிரிகிறது. நேரே போனால் தஞ்சாவூர். பிரிவில் வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். திரும்பினால் கால் மணியில் பள்ளத்தில் படுத்துவிடலாம். படுத்தால் படம் எடுப்பார்கள், வேலை போகலாம். அப்பாவோ மூச்சுக்குத் தவிக்கிறார். அவள் நேரே போனாள். பெற்றவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போன மகளை உலகத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. யாரும் குறை சொல்ல முடியாத வழி என்பதால்தான் அதில் போனாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அப்பாவுக்கு மூக்கில் குழாய் பொருத்தினார்கள். நினைவு வரும்போதெல்லாம் "யாரு படுத்திருக்கா?" என்று கேட்டார். "ஆள் இருக்குப்பா" என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். பிற்பகலில் அவர் சற்றுக் கண்ணயர்ந்ததும், அம்மாவை உட்காரவைத்துவிட்டு மருதஞ்சேரிக்கு வந்தாள்.

தார்ச் சாலையில் வண்டியை நிறுத்தியபோதே தெரிந்துவிட்டது. பள்ளத்தின் நடுவில், அரிதாளுக்கு மேலே, மஞ்சள் தலையோடு ஒரு கல் நின்றது. அதைச் சுற்றிச் சேற்றில் பூட்ஸ் கால்களின் தடம். அப்பாவின் சாக்கு மடித்தபடியே வரப்பில் இருந்தது. யாரோ தூக்கி, மடித்து, ஒழுங்காக வைத்திருக்கிறார்கள்.

அவள் சாலையைத் தாண்டி வயலில் இறங்கினாள். யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க வந்தவர்கள் வேலை முடித்துப் போயிருந்தார்கள். மேட்டு வயலில் ஒரு கீற்றுப் பந்தல். அதன் நிழலில் சிங்காரவேலு சாய்ந்து உட்கார்ந்திருந்தார், சாம்பல் நிற மெத்தைமேல்.

எருமை இலையை என்ன செய்தது என்பதுதான் கதையில் மிச்சம் இருந்த அந்த வரி. தின்றுவிட்டது. கேட்டதற்கு, சத்தியத்தின் சொத்தை வெளியில் வைத்தால் களவு போகும் என்று வயிற்றில் வைத்துக் காப்பதாகச் சொன்னதாம்.

"வாம்மா. அப்பனுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார் அவர், எழுந்திருக்காமல்.

"இருக்காருங்க. ஆள் அனுப்பறேன்னு சொன்னீங்க."

"அனுப்பத்தான் பாத்தேன். ஒருத்தனும் எறங்க மாட்டேங்கறான். அந்தப் பள்ளத்துல யாரும்மா படுப்பா? ஒரே சேறு, குளிரு. மனுசன் படுக்கிற எடமா அது?" என்றார். பிறகு அவளுடைய பார்வை எங்கே இருக்கிறது என்பதைக் கவனித்தார். "இது கமிட்டிப் பொருளு. கொட்டாயில போட்டா எலி கடிச்சிரும்னு நாந்தான் பத்திரமா வச்சிருக்கேன். எனக்கும் முதுகு வலி. நல்ல சாமான்தான். எங்கம்மா வாங்குன?"

அம்சம் குனிந்து, மெத்தையின் மூலையில் இருந்த திருகைத் திறந்தாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. சாலையோரத்தில் நின்று அவள் ஊதிய நாலு மூச்சும் அதில்தான் போயிற்று. சிங்காரவேலு நாலு விரல் அளவு மெல்ல மெல்ல இறங்கி, அரிதாள் குத்தியதும் "ஆ" என்று எழுந்து நின்றார்.

"இப்ப சத்தியம் சரியா இருக்குங்க" என்றாள்.

"படிச்ச திமிரு" என்றார் அவர், பந்தலுக்கு வெளியே யாரையோ பார்த்து.

வரிசையில் படுத்திருந்தவர்களில் இரண்டொருவர் தலையைத் தூக்கினார்கள். கல் நட்ட இடத்தை யாரும் பார்க்கவில்லை. அவள் மெத்தையைச் சுருட்டினாள். அப்பா சொன்னது சரிதான். அது நன்றாகச் சுருண்டது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கல்லைச் சுற்றிப் போகாமல் அதன் பக்கத்திலேயே நடந்து சாலைக்கு ஏறினாள்.

மருத்துவமனையில் அப்பா விழித்திருந்தார். மெத்தையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகுதானே அதைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"கல்லு போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்கப்பா."

அவர் முகட்டைப் பார்த்தார். கட்டிலில் விரிப்பதற்காக அவள் மெத்தையைக் கட்டிலடியில் தரையில் போட்டுத் திருகைத் திறந்தாள். அது மெல்ல மூச்சை இழுக்கத் தொடங்கியது.

"எதுக்குப் பாப்பா அது? இங்கதான் கட்டில் குடுத்திருக்காங்க, மெத்தை குடுத்திருக்காங்க. கம்பளிகூட இருக்கு" என்றார் வைரக்கண்ணு. மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, தம் தகப்பனாரைப்போலவே கொஞ்சம் சிரித்தார். "படுக்க எல்லாம் இருக்கு. எடந்தான் இல்ல."

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி ஒருக்களித்துக்கொண்டார். அவள் திருகை மூட மறந்தாள். மெத்தை கட்டிலின் அடியில், படுப்பதற்கு ஆளில்லாமல், தானாகவே நாலு விரல் எழுந்து நின்றது.